இல்லாத சீமாட்டியின் நாட்குறிப்பு

"உதவி ஆசிரியையை வேலையை விட்டு எடுக்கற லெட்டர் டைப் பண்ணி ரெடியா இருக்கு. அஞ்சு மணிக்குக் கையெழுத்து போடப் போறேன்," என்றார் முதன்மை ஆசிரியர். "பத்தொன்பது வருஷம் இங்க வேலை பாத்தவங்க. அதனாலதான் இந்த ஒரு வாய்ப்பு. அஞ்சுக்குள்ள நீங்க வேற யாரையாவது காட்டினீங்கன்னா, கிழிச்சுப் போட்டுடறேன்."

அப்போது மணி பதினொன்று.

"காட்டலைன்னா? அந்த லெட்டருக்கு ஸ்டாம்ப் ஒட்டறதுக்கா சார் எங்களைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். ஆறு வருஷமாக மிதி வாங்கி என் இடது பெருவிரலுக்கு இப்போது உணர்ச்சியே கிடையாது.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லாருக்கும் அவர் 'தபாலக்கா'. விலாசம் தப்பாகப் போய், அனுப்பினவருக்கும் திரும்ப முடியாமல் அநாதையாகக் கிடக்கும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துச் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கிற பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறியும் நிறுவனம் என்று ஒரு பலகை மாட்டினார். நான் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் நானே ரிப்பேர் பார்த்த லிஃப்டில் அவரும் நானும் ரெண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டோம். நான் வாயை மூடவே இல்லை. வெளியே வந்ததும் வேலை கொடுத்தார். 'லொடலொட' என்ற பெயரையும் அவர்தான் கொடுத்தார்.

இப்போது நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு அகராதி அலுவலகம். தரையிலிருந்து கூரை வரைக்கும் மர அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் அட்டைப்பெட்டி, பெட்டி நிறைய உள்ளங்கை அகலத்துக்குச் சீட்டுகள். இருபது லட்சம் சீட்டாம். ஆள் நாலே பேர். நடுவில் ஒருத்தர் தும்மினால் கடைசி அறைவரை கேட்கும், ஆனால் யாரும் என்னவென்று கேட்க மாட்டார்கள். அப்படி ஒரு அமைதி.

"இது சாதாரண இங்கிலீஷ் அகராதி இல்ல," என்றார் ஆசிரியர். அறுபது வயசு, ஒல்லி, சட்டையில் மேல் பட்டன் வரைக்கும் போட்டவர். "ஒரு வார்த்தை பிறந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் என்னென்ன அர்த்தத்துல வாழ்ந்திருக்குன்னு வரலாறு சொல்ற அகராதி. உதாரணத்துக்கு 'சில்லி'. முதல்ல அதுக்கு அர்த்தம் பாக்கியசாலி. அப்புறம் ஐயோ பாவம்னு ஆச்சு. இப்ப அசடு."

"என் கல்யாணக் கதையை யார் சார் உங்களுக்குச் சொன்னது?"

இந்தத் தடவை மிதி கொஞ்சம் பலமாக விழுந்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. சிரிக்கிற வழக்கம் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது போலிருந்தது.

"ஒவ்வொரு அர்த்தத்துக்கும் சாட்சி வேணும். இன்ன வருஷத்துல, இன்ன புத்தகத்துல, இன்ன பக்கத்துல இப்படி எழுதியிருக்குன்னு ஒரு வாக்கியம். அதை வெளியூர்ல, உள்ளூர்ல இருக்கற வாசகர்கள் பழைய புத்தகங்களைப் படிச்சுச் சீட்டுல எழுதித் தபால்ல அனுப்புவாங்க. சும்மாதான், ஆசைக்காக. எங்ககிட்ட முந்நூறு பேர் இருக்காங்க." அவர் நூலால் கட்டிய ஒரு கட்டை மேஜை மேல் வைத்தார். "செவ்வாய்க்கிழமை உதவி ஆசிரியை லீவு. ஒரு சீட்டு தேடி அவங்க கீழ் டிராயரைத் திறந்தேன். இது இருந்துச்சு. நாற்பத்து மூணு சீட்டு. எல்லாமே ஒரே புத்தகத்துல இருந்து. ஆயிரத்து அறுநூத்து எண்பத்து மூணாம் வருஷத்து நாட்குறிப்பு, எழுதினது ஒரு கிராமத்துச் சீமாட்டி."

"அதுல என்ன தப்பு?" என்றார் அக்கா.

"அப்படி ஒரு புத்தகமே உலகத்துல இல்ல. பதினோரு நூலகத்துல விசாரிச்சுட்டேன். அத்தனையும் கற்பனை. இதுல ஒரே ஒரு பொய் அச்சுல போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, மத்த இருபது லட்சத்தையும் எவன் நம்புவான்? எங்களுக்கு எந்த வார்த்தைக்குச் சாட்சி குறையுதோ, கரெக்டா அந்த ஓட்டையை அடைக்கற மாதிரியே ஒவ்வொண்ணும் எழுதியிருக்கு. சீட்டை அச்செழுத்துலதான் எழுதணும்னு விதி, அதனால கையெழுத்தை வச்சும் ஆளைப் பிடிக்க முடியாது. ஓட்டை எங்க இருக்குன்னு உள்ள இருக்கறவங்களுக்குத்தானே தெரியும்?"

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. அதான் எனக்கு வயித்தெரிச்சல்."

உதவி ஆசிரியை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தஞ்சு வயசிருக்கும். வேலை போகப்போகிற அன்றைக்கும் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மேஜை மேல் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு டம்ளர். போட்டோ இல்லை, பூச்செடி இல்லை, அடுத்த மேஜைக்காரரோடு பேசுவதற்கு ஒரு மிட்டாய் டப்பாகூட இல்லை. என் வீட்டு மேஜை ஞாபகம் வந்து எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"நீங்க எழுதினீங்களா?" என்று அக்கா நேராகவே கேட்டார்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க."

"யார் எழுதினாங்கன்னு தெரியுமா?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க."

"துப்பு ஏதாவது கொடுத்தா உங்களுக்குத்தானே நல்லது?" என்றேன் நான்.

அதற்கு மட்டும் நிமிர்ந்தார். "துப்புக்கு இங்கிலீஷ்ல க்ளூன்னு சொல்றோமே, அது முதல்ல நூல் உருண்டை. வழி தெரியாத இடத்துல நூலைப் பிரிச்சுக்கிட்டே போனா திரும்பி வரலாம்னு, அதுல இருந்து வந்த அர்த்தம்." சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

"அப்ப நாங்க இத்தனை வருஷம் தையல் கடை வச்சிருக்கலாம்," என்றேன். அவர் உதடு லேசாக அசைந்தது. பாவி மனுஷி, சிரிக்கத் தெரிந்தவர்தான்.

அக்கா கட்டைப் பிரித்தார். நானாக இருந்தால் எழுத்தைப் படித்திருப்பேன். அக்கா சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணும் இருக்காது மேடம்," என்றார் ஆசிரியர் தூரத்திலிருந்து.

"உங்களுக்கு இருக்காது. எனக்கு இருக்கு. இதோ, வந்து சேர்ந்த தேதி முத்திரை. நாற்பத்து மூணுலயும் இருக்கு."

"முத்திரை அவங்க மேஜையிலேயே கிடக்குதே. அவங்களே குத்தியிருக்கலாம்."

"குத்தியிருக்கலாம். உள்ள வர்ற தபாலுக்கு ரெஜிஸ்டர் யார் எழுதறது?"

வாசல் மேஜையில் இருந்த குமாஸ்தா கையைத் தூக்கினார். அவருடைய ரெஜிஸ்டரில் தேதி, வாசகர் எண், வந்த சீட்டு எத்தனை என்று மூன்றே பத்தி. அக்கா தேதி சொல்லச் சொல்ல நான் விரலை வைத்துத் தேடினேன். முதல் தேதியில் ஏழு வாசகர்கள். இரண்டாவது தேதியில் பன்னிரண்டு பேர். மூன்றாவதில் ஐந்து பேர். ஆனால் எல்லாத் தேதியிலும் திரும்பத் திரும்ப வந்த எண் ஒன்றே ஒன்று. இருநூற்றுப் பன்னிரண்டு.

"ஓட்டை எங்க இருக்குன்னு வாசகருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

குமாஸ்தா பதில் சொன்னார். "மூணு மாசத்துக்கு ஒருதடவை 'தேவைப் பட்டியல்'னு அச்சடிச்சு முந்நூறு பேருக்கும் நான்தானே அனுப்பறேன்? எந்தெந்த வார்த்தைக்கு, எந்தக் காலத்து வாக்கியம் வேணும்னு எல்லாம் அதுல இருக்கும்."

நான் ஆசிரியரைப் பார்த்தேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அலுவலகத்து ரகசியம் முந்நூறு வீட்டுக்குத் தபாலில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா ரெஜிஸ்டரில் இன்னும் பின்னால் போனார். அவருடைய முகம் மாறியது. "லொடலொட, இதைப் பாரு. இருநூத்துப் பன்னிரண்டு. மாசம் நூத்தம்பது சீட்டு, நூத்தறுபது சீட்டு, வருஷக்கணக்கா. அப்புறம் ரெண்டு மாசம் ஒண்ணுமே இல்ல. அதுக்கப்புறம் மாசம் ஒண்ணு. நாற்பத்து மூணு மாசமா, மாசம் ஒண்ணே ஒண்ணு." அவர் ஆசிரியர் பக்கம் திரும்பினார். "ஏன் சார், நூத்தம்பது அனுப்பிட்டிருந்த ஆளு திடீர்னு ஒண்ணுக்கு இறங்கினா, உடம்புக்கு என்னன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"நாங்க எண்ணிக்கையைப் பாக்கறதில்ல மேடம். சீட்டு வந்த உடனே அகர வரிசையில பிரிச்சுப் பெட்டியில போட்டுடுவோம். வார்த்தைதான் எங்களுக்கு முக்கியம்."

ஒரு சொல் எந்த வருஷம் பிறந்தது, எந்த வருஷம் செத்தது என்று வாழ்நாள் முழுக்கத் தேடுகிறவர்கள். சீட்டு எழுதுகிற ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் என் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்கே தெரியாது என்பது ஞாபகம் வந்து, கோபத்தை விழுங்கிக்கொண்டேன்.

"அந்த அகர வரிசைதான் கெடுத்திருக்கு," என்றார் அக்கா. "தபால் வேலையில வந்த தேதி வரிசைதான். இரு."

நாற்பத்து மூன்று சீட்டையும் முத்திரைத் தேதிப்படி மேஜையில் வரிசையாகப் பரப்பினார். பிறகு ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். என் இங்கிலீஷ் பஸ் டிக்கெட் படிக்கிற அளவுக்குத்தான்.

"முதல் சீட்டு. வார்த்தை 'மீட்'. அந்தக் காலத்துல அதுக்கு எந்தச் சாப்பாடாயிருந்தாலும் சரி. 'இன்றும் மீட் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டேன், கை பழக்கம்.' அடுத்தது 'நைஸ்'. நுணுக்கம் பாக்கறவர்னு அர்த்தம். 'கண்ணாடி துடைப்பதில் அவர் மிகவும் நைஸ். இப்போது அந்தக் கண்ணாடியை யாருக்குக் கொடுப்பதென்று தெரியவில்லை.' அடுத்தது 'காஸிப்'. வம்பு இல்ல, சிநேகிதி. 'எனக்கு காஸிப் என்று ஒருத்தியும் கிடையாது. எதிர்வீட்டுக்காரி கதவைத் திறக்கிறாள், என்னைக் கண்டால் மூடிவிடுகிறாள்.' அப்புறம் 'வான்ட்'. இல்லாம போறது. 'புத்தகங்களை வந்து எடுத்துப் போனார்கள். அலமாரி அவற்றை வான்ட் செய்கிறது, நானும்தான்.'"

தனித்தனிப் பெட்டியில், தனித்தனி எழுத்துக்குக் கீழே கிடந்தால் நாற்பத்து மூன்று சாட்சி வாக்கியங்கள். வந்த வரிசையில் வைத்தால் ஒரே கடிதம். யாரோ ஒரு மனுஷி மூன்றரை வருஷமாக, மாசத்துக்கு ஒரு வரி என்று எழுதின கடிதம். அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்தப் பதினெட்டாவதை இன்னொரு தடவை சொல்லுங்க," என்றேன்.

"'எண்பத்தெட்டுப் படி ஏறி வந்து கதவைத் திறந்தால், அழைக்க ஆளில்லை.' ஏன்?"

"கிராமத்துச் சீமாட்டி வீட்டுக்கு எண்பத்தெட்டுப் படி எதுக்கு? அது அஞ்சு மாடிக் கணக்கு. லிஃப்ட் ரிப்பேரான கட்டடம். என் தொழில்ல இதைத் தினமும் திட்டாத ஆள் இல்ல."

அக்கா என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். ஆறு வருஷத்தில் இது மூன்றாவது தட்டு. பிறகு குமாஸ்தாவிடம் இருநூற்றுப் பன்னிரண்டின் விலாசத்தை வாங்கினார்.

அப்போதுதான் உதவி ஆசிரியை எழுந்து ஓடி வந்தார். "அங்க போகாதீங்க. தயவுசெஞ்சு போகாதீங்க. சார், நீங்க லெட்டர்ல கையெழுத்து போட்டுடுங்க. நான் இப்பவே போயிடறேன்."

"பத்தொன்பது வருஷ வேலைம்மா," என்றார் அக்கா.

"தெரியும். பரவாயில்ல. அவங்களை விட்டுடுங்க."

அக்கா விலாசத்தைப் பையில் வைத்துக்கொண்டார். "அஞ்சு மணிக்குள்ள வந்துடறோம் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

*

லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று ஒரு அட்டை தொங்கியது. அட்டையே பழுத்துப் போயிருந்தது. படி எண்ணிக்கொண்டே ஏறினோம். எண்பத்தெட்டு. கணக்கு சரியாக இருந்ததில் எனக்கு மூச்சு வாங்கினதுகூடப் பெருமையாக இருந்தது.

கதவில் ஒரு ஆண் பெயர்ப் பலகை. சங்கிலி போட்ட கதவு நாலு விரல் திறந்தது. எழுபது வயசுப் பெண்மணி, கையில் கத்தரிக்கோல்.

"இருநூத்துப் பன்னிரண்டா?" என்றார் அக்கா.

அந்த அம்மா பயந்ததைப் பார்த்தபோது, நான் ஏதோ திருட்டைப் பிடித்த மாதிரி இல்லை. தூங்குகிறவரை எழுப்பிவிட்ட மாதிரிதான் இருந்தது. சங்கிலியைக் கழற்றி, "வாங்க. செருப்பு அங்கேயே விட்டுடுங்க," என்றார்.

வரவேற்பறையில் மூன்று சுவரிலும் காலி அலமாரி. புத்தகம் இருந்த இடத்தில் தூசு நிறம் மாறியிருந்தது. மேஜையில் வெள்ளைத்தாளை அளவு பார்த்து வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளங்கை அகலச் சீட்டு.

"நம்பர் என் வீட்டுக்காரரோடது," என்றார். "அவருக்கு முப்பது வயசுலேயே கண்ணு மங்க ஆரம்பிச்சுடுச்சு. ஒரு எழுத்தைக் கண்ணாடி வச்சுத் தேடித் தேடிப் படிப்பார். சத்தமா வாசிப்பார், நான் சீட்டுல எழுதுவேன். முப்பத்தோரு வருஷம். நூலகத்துல இரவல் வாங்கின புத்தகம்தான் எல்லாம். அவர் போனப்புறம் வண்டி கொண்டுவந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நீங்க ஆபீசுக்குத் தெரியப்படுத்தலையாம்மா?"

"தெரியப்படுத்தத்தான் பேனாவை எடுத்தேன். ரெண்டு மாசம் தினமும் எடுத்தேன். என்னத்தை எழுதறது? அப்புறம் ஒருநாள் பட்டியல் வந்துச்சு, 'மீட்'டுக்கு வாக்கியம் வேணும்னு. அன்னிக்கு ரெண்டு பேருக்கு உலை வச்சுட்டு நின்னுட்டிருந்தேன். அதையே எழுதிட்டேன். முப்பத்தோரு வருஷம் எழுதினா அந்தக் காலத்துப் பேச்சு தானா கைக்கு வந்துடுது. கீழ புத்தகம் பேர் எழுதணுமே? ஒரு சீமாட்டியைப் பிறப்பிச்சேன்." அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "தப்புதான். தெரியும்."

"பதில் வந்துச்சா?"

ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே அகராதி அலுவலகத்தின் அட்டைகள். மேலே மூன்று வரி அச்சு: சீட்டு கிடைத்தது, நன்றி, தொடர்ந்து எழுதவும். அதற்குக் கீழே பென்சிலால் பொடி எழுத்து. அக்கா படித்தார்.

'தங்கள் மீட் பயன்பட்டது. அந்தச் சீமாட்டி ஒருவருக்குச் சமைக்கப் பழகிக்கொண்டாரா? நாட்குறிப்பில் இருந்தால் எழுதவும்.' இன்னொன்றில்: 'காஸிப் பயன்பட்டது. இதே காலத்து வேறொரு நாட்குறிப்பு எங்களிடம் இருக்கிறது. அதில் ஒரு பெண், வேலைக்குப் போகாத நாட்களில் தன் குரலையே கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறாள். சீமாட்டிக்குத் தெரிந்தால் ஆறுதலாக இருக்கலாம்.'

நான் ஜன்னல் பக்கம் போய் வெளியே என்னவோ பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். கீழே பஸ் போனது, பஸ்தான் பார்த்தேன்.

"இந்த அட்டை எழுதற பொண்ணுக்கு இன்னிக்கு அஞ்சு மணிக்கு வேலை போகுது," என்றார் அக்கா. "உங்க சீட்டெல்லாம் அவ டிராயர்ல கிடைச்சிருக்கு. அவளே எழுதினான்னு நினைக்கறாங்க. உங்க பேரைச் சொல்ல மாட்டேன்னு வாயைத் திறக்காம உக்காந்திருக்கா."

அந்த அம்மா அட்டைகளில் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டார். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, ஒரு பெரிய துணிப்பையோடு வந்தார். பை என் கைக்கு வந்தது. அப்பப்பா, செங்கல் தேவலை.

"என்னம்மா இருக்கு இதுல?"

"சாட்சி," என்றார்.

*

மணி நாலே முக்கால். ஆசிரியர் மேஜையில் லெட்டர், லெட்டர் மேல் பேனா. உதவி ஆசிரியை தன் தண்ணீர் பாட்டிலையும் டம்ளரையும் பையில் எடுத்து வைத்துவிட்டு நின்றிருந்தார். பத்தொன்பது வருஷத்துச் சாமான் அவ்வளவுதான்.

வாசலில் அந்த அம்மாவைப் பார்த்ததும் அவருக்கு யார் என்று எப்படித்தான் தெரிந்ததோ. கையில் இருந்த பை நழுவியது.

"நான்தான் எழுதினேன்," என்றார் அந்த அம்மா ஆசிரியரிடம். "என் வீட்டுக்காரர் இறந்து போயிட்டார். புத்தகம் கிடையாது. எல்லாம் நானே எழுதினது." கையோடு கொண்டுவந்த பதில் அட்டையையும் மேஜையில் வைத்தார்.

ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். "சரிம்மா, எழுதினது நீங்க. ஆனா இவங்க அதை ஏத்துக்கிட்டிருக்காங்களே? 'பயன்பட்டது'ன்னு அட்டை போட்டிருக்காங்க. அது அதைவிடப் பெரிய குத்தம். இதுல எத்தனை அச்சுல போச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல!" என்று உதவி ஆசிரியையைப் பார்த்துக் கத்தினார்.

உதவி ஆசிரியை அந்த அம்மாவைப் பார்த்தார், ஆசிரியரைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. வேலையைக் காப்பாற்றுகிற பதில் ஒன்று அவரிடம் இருந்தது, அதை அந்த அம்மாவின் முன்னால் சொல்ல மாட்டேன் என்று நின்றார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"பையைக் கொட்டுப்பா," என்றார் அந்த அம்மா என்னிடம்.

கொட்டினேன். அவ்வப்போது முடிந்த வார்த்தைகளைத் தொகுத்து மூன்று மாசத்துக்கு ஒருமுறை வெளிவந்து வாசகர்களுக்கு இலவசமாகப் போகிற அகராதிப் பகுதிகள். பதினாலு.

"ஒண்ணுகூடப் போகலை," என்றார் அந்த அம்மா. "நான் எழுதின ஒவ்வொரு வார்த்தையையும் இதுல தேடிப் பாத்துட்டேன். மீட்ல இல்ல, நைஸ்ல இல்ல, எதுலயும் இல்ல. வேற யாரோ அனுப்பின உண்மையான வாக்கியம் இருக்கு, இல்லாட்டி ஓட்டை ஓட்டையாவே இருக்கு. இந்தப் பொண்ணு உங்க அகராதிக்கு ஒரு துரோகமும் பண்ணலைங்க. அவ பொய் சொன்னது என்கிட்ட மட்டும்தான்."

உதவி ஆசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் பகுதி வந்த அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்..."

"பதில் வந்துச்சேம்மா."

ஆசிரியர் பதினாலு பகுதிகளையும் எடுத்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சரிபார்த்தார். அரைமணி நேரம். நாற்பத்து மூன்றாவது சீட்டைக் கீழே வைத்துவிட்டு, டைப் பண்ணின லெட்டரை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"உண்மையைச் சொல்லியிருந்தா காலைலயே முடிஞ்சிருக்குமே. ஏம்மா சொல்லலை?" என்று உதவி ஆசிரியையைக் கேட்டார்.

"சொன்னா நீங்க இருநூத்துப் பன்னிரண்டை அடிச்சிருப்பீங்க சார்."

"அது விதிம்மா," என்றார் ஆசிரியர் மெதுவாக. "இல்லாத புத்தகத்துல இருந்து ஒரு சீட்டு வந்தாலும் வாசகர் பேரை எடுத்துடணும். இப்பவும் எடுத்துத்தான் ஆகணும். அட்டை இனிமே போகக் கூடாது. திங்கட்கிழமை வழக்கம் போல வேலைக்கு வாங்க. ஆனா அந்த நம்பரை இன்னிக்கே நீங்களே அடிச்சுட்டுப் போங்க."

குமாஸ்தா வாசகர் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். உதவி ஆசிரியை பேனாவை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். "என்னால முடியாது சார்."

"கொடும்மா," என்று அந்த அம்மா பேனாவை வாங்கிக்கொண்டார். "எழுதின கைதானே." புருஷனுடைய பெயருக்கு நேரே, நடுங்காமல், ஒரே கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் அன்றைய தேதி. இங்க் காயும்வரை பதிவேட்டை மூடவிடவில்லை.

*

வாசலில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். வேலை முடிந்த கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. மூன்றரை வருஷம் எழுதிக்கொண்ட ரெண்டு பேருக்கு, நேரில் பார்த்ததும் ஒரு வார்த்தை வரவில்லை. ரெண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கு அரித்தது, ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நானே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"உனக்கு எந்த பஸ்?" என்றார் அந்த அம்மா கடைசியில்.

"பதினேழு."

"எனக்கும் பதினேழுதான். எங்க இறங்குவ?"

உதவி ஆசிரியை இடத்தைச் சொன்னார். அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "அட, அது இவங்க ஸ்டாப்புக்கு ஆறு ஸ்டாப் தள்ளித்தானே! உங்க அட்டை ஊரையே ஒரு சுத்து சுத்திட்டு நாலு நாள் கழிச்சுல்ல போயிருக்கும்?"

"தெரியும்," என்றார் உதவி ஆசிரியை. "தினமும் அவங்க வீட்டைத் தாண்டித்தான் போறேன். நாலு தடவை இறங்கியிருக்கேன். கீழ படிக்கட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவேன்."

"ஏன் மேல வரலை?" அந்த அம்மாவின் குரலில் கோபமே இருந்தது.

"வந்துட்டா..." அவர் அழ ஆரம்பித்துவிட்டார். "வந்துட்டா சீட்டு நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சுங்க."

பதினேழு வந்து நின்றது. அந்த அம்மா துணிப்பையை என்னிடமிருந்து வாங்கி, அதன் ஒரு காதை உதவி ஆசிரியையின் கையில் பிடித்துக் கொடுத்தார்.

"இப்பத்தான் நின்னுபோச்சே," என்றார். "வா, ஏறு."